மதகை மூடச் சொன்னவர்

லானெல்வோ, வேல்ஸ்
செப்டம்பர் 22, 2018

மதிப்பிற்குரியவருக்கு,

உங்களை எப்படி அழைப்பதென்று தெரியவில்லை. பெயர் இல்லாத ஒருவருக்குப் பதில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் இட்வால் பாரி. டவுன் பள்ளிக்கூடத்தில் லத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்க் குன்றின்மேல் புனித எல்வோவின் கிணறு இருக்கிறது. கோயில் கமிட்டியில் வேறு யாருக்கும் அந்த மேடு ஏற மனமில்லாததால், கிணற்றில் விழும் இலைகளை அள்ளுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இன்று காலை அங்கே சுவர் மாடத்தில் உங்கள் சிலேட்டைக் கண்டேன்.

லத்தீனில் எழுதியிருந்தீர்கள், நானும் அதிலேயே எழுதுகிறேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள்: "கடல் இந்த ஆண்டு ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. மதகு கனக்கிறது. அப்பாவின் முதுகு வளைந்துவிட்டது. இந்தக் குளிர்காலம் சுவர் தாங்குமா, எல்வோ சாமி?"

பல்கலைக்கழக மாணவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எழுத்துகளின் வடிவம் என்னைப் போகவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தின் பழைய கல்வெட்டில் தவிர வேறெங்கும் நான் அந்த வடிவத்தைப் பார்த்ததில்லை. கீறலின் வெள்ளைத் தூள்கூட இன்னும் சிலேட்டில் ஒட்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. அதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. மாடத்தின் வாய் முழுவதையும் ஒரு சிலந்தி வலை மூடியிருந்தது. சிலேட்டை எடுக்க நான்தான் அதைக் கிழித்தேன். வலையைக் கிழிக்காமல் நீங்கள் அதை எப்படி உள்ளே வைத்தீர்கள்?

திரும்பும் வழியில் கடைக்காரி எலினெட் என் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்ன வாத்தியாரே, கை இப்படி நடுங்குது? கிணத்துல சாமியப் பாத்துட்டீங்களா?"

"குளிருதும்மா" என்றேன்.

"செப்டம்பர்லயேவா? அப்ப ஜனவரிக்கு உங்கள அடுப்புக்குள்ளதான் வைக்கணும்."

நான் புனிதர் அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரையோ கேட்ட கேள்விக்கு என் மௌனம் பதிலாகிவிடக் கூடாது. மழையில் நனையாமல் இருக்க, மூடியுள்ள டப்பா ஒன்றில் கடிதத்தை வைத்துப் போகிறேன். விளையாட்டு என்றால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் எளிதில் பயப்படுகிறவன்.

பணிவுடன்,
இட்வால் பாரி


மதகடி, கீழ்நிலம்
அறுவடை நிலவு தேயும் நாட்களில்

கிணற்றுப் பெரியவருக்கு,

நீங்கள் சாமி இல்லை என்பதை நம்புகிறேன். சாமி வரிக்கு வரி மன்னிப்புக் கேட்க மாட்டார்.

என் பெயர் டாங்வென். மதகுக் காவலர் இத்தெலின் மகள். குருவானவர் கின்வில்லுக்குக் கண் மங்கியபோது அவருக்குப் படித்துக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. மற்ற பெண்கள் ஓடிவிட்டார்கள், நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு எழுத்து தெரிந்தது அப்படித்தான்.

சிலந்தி வலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சிலேட்டை வைத்தபோது மாடத்தில் வலையே இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் சுவருக்கு மண் பூசியிருந்தார்கள்.

உங்கள் டப்பாவை நானும் அப்பாவும் ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொம்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கடித்துப் பார்த்தேன், பல் வலித்தது. கடிதத்தின் தலையில் கிறிஸ்து பிறந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு என்று போட்டிருக்கிறீர்கள். கின்வில்லின் கணக்குப்படி ஐந்நூறுதான் ஆகிறது. அவர் கணக்கில் கெட்டிக்காரர் இல்லை, ஆனாலும் இவ்வளவு தப்ப மாட்டார்.

"சாமி என்ன சொல்றாரு?" என்று அப்பா கேட்டார்.

"சாமி இல்லயாம்ப்பா. வாத்தியாராம்."

"வாத்தியாரா? அப்ப கேள்விதான் கேப்பாரு. பதில் சொல்ல மாட்டாரு."

எங்கள் வேலையை உங்களுக்குச் சொல்கிறேன். கீழ்நிலம் கடலைவிடத் தாழ்ந்தது. கடலைத் தடுக்கச் சுவர் இருக்கிறது, சுவரில் மதகு இருக்கிறது. கடல் வற்றும்போது மதகைத் திறப்போம், மலையிலிருந்து வரும் ஆறு வெளியே போகும். கடல் ஏறுவதற்குள் மூடுவோம். நாளுக்கு இரண்டு முறை. கல்யாணமோ சாவோ, மதகுக்கு விடுமுறை கிடையாது. என் தாய் இறந்த அன்றுகூட அப்பா எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் அழுதார்.

கடல் உயர்கிறது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. மதகு மரத்தில் நீர்த்தடம் பதியும் இடத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம், அதனால் எங்களுக்குத் தெரிகிறது.

நீங்கள் எங்களுக்குப் பின்னால் வந்தவர் என்று நினைக்கிறேன். எங்கள் கிணற்றடியில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் எங்களுக்குப் பார்லி வயல்களும், மாட்டுக் கொட்டில்களும், கோடியில் சுவரும் தெரியும்.

உங்களுக்கு என்ன தெரிகிறது?

டாங்வென்


லானெல்வோ
அக்டோபர் 27, 2018

அன்புள்ள டாங்வென் அவர்களுக்கு,

பதில் இத்தனை தாமதமானதற்கு மன்னியுங்கள். உங்கள் கடைசி வரியைப் படித்தபின் கிணற்றுக்குப் போகவே எனக்குத் துணிவு வரவில்லை. கமிட்டியில் முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். இலைகள் அழுகி, கிணறு நாறுவதாகப் புகார் வந்தபிறகுதான் இன்று ஏறினேன். உங்கள் சிலேட்டுகளை என் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். அவற்றின் எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன்.

எனக்குக் கடல் தெரிகிறது, அம்மா.

வயல் இல்லை. கொட்டில் இல்லை. குன்றின் அடிவரைக்கும் கடல்தான். கடல் பெரிதாக வற்றும்போது மணலில் கறுத்த மரக்கட்டைகள் தலைகாட்டும். ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது என்கிறார்கள். நான் சின்ன வயதில் அவற்றின்மேல் தாவி விளையாடியிருக்கிறேன்.

இதைச் சொல்லலாமா கூடாதா என்று மூன்று வரைவு எழுதிக் கிழித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. நானே எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். புனித எல்வோவின் திருநாளன்று மதகுக் காவலன் குடித்துவிட்டுக் கிடந்தான், மதகு திறந்து கிடந்தது, கடல் உள்ளே வந்தது, யாரும் மிஞ்சவில்லை. கதை இவ்வளவுதான். காவலனின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை.

உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? கதைகள் பிசகுவதும் உண்டு. ஆனாலும் கைகூப்பிக் கேட்கிறேன், திருநாளன்று அவர் குடிக்க வேண்டாம். மதகு மூடியே இருக்கட்டும். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.



இட்வால்


மதகடி
குளிர்காலத்தின் முதல் நாள்

இட்வால் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிணற்றடியிலேயே அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

அப்பா கோலைத் தரையில் ஊன்றினார். பிறகு, "நான் குடிக்கிறது ஊரு குடிக்கிற அளவுதான?" என்றார்.

"அதவிடக் கம்மிப்பா."

"அப்ப எந்தக் குடிகாரன் இவருகிட்ட என்னப் பத்திச் சொன்னது?"

"ஆயிரத்து ஐந்நூறு வருஷமாச் சொல்றாங்களாம்."

"அடேயப்பா. அவ்வளவு வருஷத்துக்கு ஊர் மறக்காத மாதிரி நான் என்னத்தக் குடிச்சிருப்பேன்?"

சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் புதரிலிருந்து கின்வில் வெளியே வந்தார். அவருக்குக் கண் போனாலும் காது போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

கிணற்றிலிருந்து வரும் சொல் சாமியின் சொல் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எழுதியவர் வாத்தியார் என்று நான் சொன்னேன். "சாமி வாத்தியார் வடிவத்துல வரக் கூடாதா?" என்று கின்வில் கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அரசருடைய வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. மதகு திறந்து கிடக்குமாம், காவலன் குடித்திருப்பானாம், எல்வோவே வாய்திறந்து சொன்னாராம்.

மதகை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். இடுக்குகளில் களிமண் அப்பிவிட்டார்கள். ஈட்டியோடு இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள். அப்பாவைக் கிட்டே விடுவதில்லை. நேற்று அவர் சும்மா பார்க்கப் போனார், ஒருவன் அவர் வாயை முகர்ந்து பார்த்தான். இத்தனை வருஷம் அவர் வீட்டில் ரொட்டி தின்றவன் அவன்.

ஊர் நிம்மதியாக இருக்கிறது. கிணற்றில் பூவாகப் போடுகிறார்கள். உங்களுக்குத்தான்.

மலையில் மழை தொடங்கிவிட்டது. அப்பா வாசலில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

டாங்வென்


லானெல்வோ
நவம்பர் 4, 2018

டாங்வென்,

மரியாதைக்கான சொற்கள் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் பழைய கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். கடல் வற்றும்போது திறப்போம், ஆறு வெளியே போகும், நாளுக்கு இரண்டு முறை. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதன் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன். கோடு போட்ட நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை. கதையில் மதகு திறந்து கிடந்தது என்று இருக்கிறது, ஆகவே மூடினால் போதும் என்று நினைத்துவிட்டேன். கடலை மட்டுமே நினைத்தேன், ஆற்றை நினைக்கவில்லை. மூடிய மதகுக்குப் பின்னால் ஆறு எங்கே போகும்?

உடனே திறக்கச் சொல்லுங்கள். கடல் வற்றும்போது மட்டும். நான் சொன்னது தவறு என்று சொல்லுங்கள். அந்த ஆள் ஒரு முட்டாள் என்று சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இங்கே நல்ல வெயில். மழையே இல்லை. ஆனால் இன்று காலை கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளினேன், கலங்கலாக இருந்தது. உங்கள் சிலேட்டுகளைத் துடைக்கத் துடைக்க ஈரம் கசிகிறது. மேசை விரிப்பில் வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. கடைக்குப் போனால் எலினெட் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

"வாத்தியாரே, தப்பா நினைக்காதீங்க. உங்க கோட்டுல மாட்டுக் கொட்டில்ல வெள்ளம் வந்த மாதிரி ஒரு வாடை."

ரொட்டியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது.

உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால்

மன்னியுங்கள். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

இட்வால்


மதகடி
எல்வோ திருநாளுக்கு இரு நாள் முன்

ஐயா,

கொட்டிலில் தண்ணீர் என் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. கன்றுகளைப் பரணில் ஏற்றிவிட்டோம். குன்றுக்குப் போகும் வழி முழுகிவிட்டது, ஆனாலும் கோல் ஊன்றி வந்துவிடலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தேன். எழுதியவரே தன் வாயால் தவறு என்கிறார் என்று கத்தினேன்.

"சாமி தப்பு பண்ணாதுடி" என்றாள் கொல்லன் மனைவி. இடுப்பில் பிள்ளை, காலடியில் தண்ணீர், அப்படி நின்றுகொண்டு சொன்னாள். "உங்கப்பனுக்கு மதகு மேல ஆச. அதுக்கு நீ கடுதாசி எழுதிட்டு வந்துட்ட."

"மேல வாங்கக்கா. குன்றுக்காவது வாங்க. தண்ணி ஏறுது பாருங்க."

"ஏறட்டும். மதகு மூடியிருக்குல்ல. அது போதும்."

கின்வில் எல்லோரையும் மண்டியிட வைத்து உங்களிடம் பிரார்த்தனை செய்கிறார். ஐயா, அவர்கள் உங்களுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். தண்ணீரில்.

திருநாள் காலை வருஷத்திலேயே பெரிய ஓதம். வெளியே கடல் உச்சத்துக்கு ஏறும், உள்ளே ஆறு நிரம்பியிருக்கும், நடுவில் பழைய சுவர். அப்பா ஒரு குச்சியை எடுத்து இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி உடைத்துக் காட்டினார். அதற்கு முந்தைய வற்றத்துக்குள் மக்கள் மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் உங்கள் கதை சொல்வதுபோல் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அப்பாவும் சொல்லிப் பார்த்துவிட்டார். வாத்தியார் இட்வால் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். எல்வோ சொன்னால் கேட்பார்கள்.

நீங்கள் பொய் சொல்லப் பயப்படுகிறவர் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சாமியாகிவிடுங்கள். ஒரே ஒரு கடிதத்துக்கு.

டாங்வென்


லானெல்வோ
நவம்பர் 8, 2018

(இந்தத் தாளை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.)

கீழ்நிலத்து மக்களே,

நான் எல்வோ. என் கிணற்றிலிருந்து பேசுகிறேன். நீங்கள் போட்ட பூக்கள் என்னிடம் வந்து சேர்ந்தன.

எழுந்திருங்கள். மண்டியிட்டது போதும். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு என் குன்றுக்கு ஏறுங்கள். மாடுகளை அவிழ்த்து விடுங்கள், அவை தாமாகவே வழி கண்டுபிடிக்கும். வீட்டில் எதையும் எடுக்க நிற்காதீர்கள்.

மதகின் ஆணிகளைப் பிடுங்கி அதை இத்தெலின் கையில் கொடுங்கள். அவருக்கு அதைப்பற்றித் தெரியும்.

கடல் உங்கள் நிலத்தைக் கேட்கிறது. கொடுத்துவிடுங்கள். உங்களை அதற்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

எல்வோ

(இது உங்களுக்கு மட்டும்.)

டாங்வென், என் வாழ்நாளில் நான் யாருக்கும் இப்படி ஆணையிட்டு எழுதியதில்லை. எழுதும்போது மன்னிக்கவும் என்று இரண்டு இடத்தில் வந்துவிட்டது. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். எல்வோ என்று கையெழுத்திட்ட பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன், யாருக்குப் பயந்து என்று தெரியவில்லை. நீங்களும் ஏறிவிடுங்கள். அப்பாவோடு ஏறிவிடுங்கள்.

இ.


எல்வோ குன்று
என் முதுமையில்

இட்வால் ஐயாவுக்கு,

உங்கள் பக்கம் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. இங்கே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. முதலில் சிலேட்டு இல்லை, பிறகு சொல் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதி வாசிக்கும்போதே கொல்லன் மனைவி பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் போனதும் எல்லோரும் போனார்கள். ஆனால் தாமதமாகிவிட்டது. குன்றுக்குப் போகும் வழியில் தண்ணீர் பெரியவர்களுக்குக் கழுத்தளவு வந்திருந்தது. பிள்ளைகளை எப்படிக் கொண்டுபோவது?

கடல் வற்றிக்கொண்டிருந்தது. ஈட்டிக்காரர்கள் ஆணியைப் பிடுங்கி மதகை அப்பாவிடம் கொடுத்தார்கள். நீங்கள் சொன்னபடியே.

"நீ மேல போ" என்றார் அப்பா. "நான் தொறந்து விடுறேன். ஆத்துத் தண்ணி வடிஞ்சா வழி தெரியும்."

"கடல் ஏறுறதுக்குள்ள வந்துருவீங்களா?"

"நான் என்னைக்கு நேரம் தவறியிருக்கேன்?"

வாய்விட்டுக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "குடிச்சிருக்கீங்களாப்பா?"

என்னைத் திட்டவில்லை. கிட்டே வந்து என் முகத்தில் ஊதிக் காட்டினார். வெங்காய வாடை அடித்தது. அவ்வளவுதான்.

மதகு திறந்தது. வழியில் தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. கடைசிக் கிழவி ஏறும் வரைக்கும் அது திறந்தே இருந்தது. அதற்குள் கடல் திரும்பிவிட்டது. ஆணி அடித்து, களிமண் அப்பி, அத்தனை நாள் நீரில் ஊறிய மரம் உப்பிப்போயிருந்தது. அப்பா மூடப் பார்த்தபோது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. நாங்கள் மேலேயிருந்து பார்த்தோம். அவர் ஓடி வந்திருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. ஓடவில்லை. மதகில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே நின்றார். பிறகு மதகும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

கின்வில்தான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் அறிந்தார்.

"மதகு தொறந்தா கெடக்கு?"

"ஆமாங்க."

"பாத்தீங்களா. எல்வோ சொன்னது அப்படியே நடந்துருச்சு. இத்தெல் குடிச்சிருக்கான்."

உங்கள் கதை எங்கிருந்து தொடங்கியது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எனக்கு எதிரே கொல்லன் மனைவி ஈர உடையோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் போச்சு. ஆனா சாமி நம்மள விடல, பாரு" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா குடிக்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். மதகை மூடச் சொன்னது தவறு என்று நான் சொல்ல வேண்டிவரும். அப்படியானால் சாமி தவறு. நிலம் போய், வீடு போய், மாடு போய், சாமியும் இல்லாமல் அவர்களைக் குளிர்காலத்துக்குள் அனுப்ப என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதல் நான் குடிகாரன் மகள். அந்தப் பெயரிலேயே கல்யாணமும் ஆயிற்று, பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

உங்களை நான் வெறுக்கிறேனா என்று கேட்பீர்கள். ரொம்ப வருஷம் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தால் கடல் என்றாவது ஒருநாள் வந்திருக்கும், மேட்டில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதால் அப்பா மட்டும் போனார். இரண்டையும் எப்படி எடைபோடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிணறு வற்றி வருகிறது. மாடத்தில் வைத்துப் பார்த்த வெறும் சிலேட்டு இப்போதெல்லாம் அப்படியே கிடக்கிறது. இது உங்களை வந்து சேருமோ என்னவோ. எனக்குப் பிறகு அப்பாவை அறிந்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் பயப்படுகிறவர் என்று எனக்குத் தெரியும்.

டாங்வென்


லானெல்வோ
நவம்பர் 9, 2019

அன்புள்ள டாங்வென்,

உங்கள் சிலேட்டுகள் போன பிப்ரவரியில் எனக்குக் கிடைத்தன. அதற்குப்பின் மாடத்தில் நான் வைத்த எதையும் யாரும் எடுக்கவில்லை. இதையும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். எல்வோ திருநாளன்று பூசை முடிந்ததும் ஊரே கடற்சுவருக்கு நடந்து போகும். ஊரில் மூத்தவர் ஒரு குவளை பீரைக் கடலில் ஊற்றுவார். "இந்தா குடிகாரா, உன் பங்கு" என்று எல்லோரும் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நானும் என் சின்ன வயது முதல் சிரித்திருக்கிறேன். போன வருஷம் மட்டும் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

வழக்கமாக ஊற்றுகிறவர் கோடையில் இறந்துபோனார். அடுத்த மூத்தவன் நான். முடியாது என்று சொல்ல ஒரு கடிதம் எழுதினேன், அதைக் கமிட்டிக்கு அனுப்பவில்லை. சிலேட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்றும் யோசித்தேன். காட்டினால் சிலேட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இன்று காலை எலினெட் குவளையை நிரப்பி என் கையில் கொடுத்தாள். காற்று பலமாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் முன்னால் நிற்பது எனக்கு வகுப்பறைக்கு வெளியே பழக்கமில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள், டவுனில் இருக்கும் என் தங்கை மகனுக்கு போன் போடுவார்கள், வீட்டைப் பூட்டி எங்கேயாவது கொண்டுபோய் விடுவார்கள். இவ்வளவும் மனதில் ஓடியது.

"ஊத்துங்க வாத்தியாரே. நுரை எல்லாம் காத்துல போகுது" என்றாள் எலினெட்.

"ஊத்த மாட்டேம்மா."

"ஏன், நீங்களே குடிக்கப் போறீங்களா?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தேன். முடிய நெடுநேரம் ஆனது போல இருந்தது.

"அவர் பேரு இத்தெல்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவர் பேரு இத்தெல். அவர் அன்னைக்குக் குடிக்கல. ஜனங்க மேல ஏறுறதுக்காக மதகத் தொறந்தாரு. மூட முடியாமப் போச்சு. ஓடி வந்திருக்கலாம், வரல. மதக மூடச் சொன்ன ஆள் வேற ஒருத்தன். தப்பு அவனோடது."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எலினெட் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவர் மக சொன்னா" என்றேன்.

அவள் என் கையிலிருந்து குவளையை வாங்கிச் சுவரின்மேல் வைத்தாள்.

இட்வால்